கலுங்கடிக்குப் போன கேபிள்

தாழையூர் நகராட்சி அலுவலகத்து மாடியில் இருந்த நீல நிற வயர் ஒன்று அந்த வருஷம் ஆவணி மாதத்தில் வளர ஆரம்பித்தது. அதை முதலில் பார்த்தவர்கள் அலுவலகத்துக்காரர்கள் இல்லை, கீழே ரோட்டில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள்தான். அவர்கள் காலையில் அண்ணாந்து பார்த்தபோது மாடி ஜன்னலிலிருந்து ஒரு வளையம் தொங்கியது, மத்தியானம் பார்த்தபோது அது வேப்பமரத்தின் கிளையைப் பிடித்திருந்தது, மறுநாள் அது மரத்தை விட்டு எதிர்ச் சந்தின் மீது ஏறி ஜவுளிக்கடைப் பலகையைச் சுற்றிக்கொண்டு போயிருந்தது. அரசாங்கம் ஏதோ வேலை செய்கிறது, செய்து முடித்துவிட்டுக் குழியை மூடாமல் போகாத வரைக்கும் நமக்கென்ன என்று அவர்கள் கிளாஸைக் கழுவ வைத்துவிட்டுப் போனார்கள்.

மாடியில் ஏ.சி. ஓடுகிற சின்ன அறைக்குள் சர்வர் இருந்தது. ஊரில் யார் பிறந்தாலும் யார் செத்தாலும், யார் வீட்டுக்குக் குழாய் இழுத்தாலும் யார் கடை திறந்தாலும், அதையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு கேட்கும்போது திருப்பிக் கொடுக்கிற பெரிய கம்ப்யூட்டர் அது. எதிர்ச் சுவரில் சுவிட்ச் என்று சொல்லப்படுகிற பெட்டி இருந்தது, கீழே கவுண்டர்களுக்குப் போகிற வயர்கள் எல்லாம் அதிலிருந்துதான் பிரிந்து போயின. சர்வரையும் சுவிட்சையும் சேர்த்தது அந்த ஒரே நீல வயர்தான், ஒரு ஆள் இரண்டு கையை விரித்தால் அதற்குள் அடங்கிவிட வேண்டிய நீளம். அந்த வயரில்தான் கோளாறு. கவுண்டரில் திரை வரும், நகரும், சட்டென்று நின்றுவிடும், மறுபடி வரும். பிறப்புச் சான்றிதழுக்கு வந்தவர்களும் இறப்புச் சான்றிதழுக்கு வந்தவர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் கதை சொல்லிச் சிநேகமாகிவிட்டார்கள்.

பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்திருந்த கம்பெனி மதுரையிலிருந்து சந்தனமாரியை அனுப்பியது. சாத்தூர்ப் பக்கத்துப் பெண், முப்பதைத் தாண்டியவள், கோளாறை முடிக்காமல் எந்த ஊரிலிருந்தும் பஸ் ஏறியதில்லை என்று பெயர் எடுத்தவள். அந்தப் பெயர் மேல் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. வந்தவுடன் ஆணையர் பரந்தாமனைப் பார்த்து, "சாயந்தரத்துக்குள்ள முடிச்சுக் குடுத்துடறேன் சார்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள்.

சர்வரின் பின்பக்கத்தில் பச்சையாக எரியவேண்டிய விளக்கு மஞ்சளாகி, அணைந்து, பச்சையாகி, மறுபடி மஞ்சளானது. அவள் பிங் போட்டுப் பார்த்தாள், போன செய்தியில் பாதி திரும்பி வரவில்லை. வயரின் இரண்டு முனையையும் கழற்றி மாட்டினாள், சுவிட்சில் வேறு ஓட்டையில் செருகிப் பார்த்தாள், சர்வரில் மென்பொருளைப் புதுசாக ஏற்றினாள், நெட்வொர்க் கார்டையே மாற்றினாள், சுவிட்சையும் மாற்றினாள். ஒவ்வொன்றை மாற்றும்போதும் விளக்கு கொஞ்ச நேரம் பச்சையாக நின்று அவளுக்கு நம்பிக்கை கொடுத்துவிட்டு மறுபடி மஞ்சளாகியது. கடைசியாக வயரை டெஸ்டரில் மாட்டினாள். உள்ளே இருக்கிற எட்டு இழைகளும் நன்றாக இருக்கின்றன, ஒன்றும் அறுந்துபோகவில்லை, நீளம் மட்டும் ஆயிரத்துச் சொச்சம் மீட்டர் என்று டெஸ்டர் சொன்னது.

அந்த மாதிரி வயர் நூறு மீட்டர் வரைக்கும்தான் தாங்கும். அதற்கு மேல் போனால் சிக்னல் களைத்துவிடும், நடுவில் ஒரு சுவிட்ச் வைத்து அதைத் தூக்கிவிட வேண்டும். இதை அவள் பாடத்தில் படித்திருந்தாள், பத்து வருஷ வேலையில் பார்த்துமிருந்தாள். ஆயிரம் மீட்டர் வயரில் திக்கித் திக்கியாவது சிக்னல் வருவதை அவள் எங்கும் பார்த்ததில்லை. டெஸ்டரைக் கீழே வைத்துவிட்டு சர்வர் இருந்த அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். சர்வரிலிருந்து கிளம்பிய வயர் சுவர் ஓரமாக நடந்து ஜன்னல் வழியே வெளியே போயிருந்தது, அதே ஜன்னல் வழியே திரும்பி வந்து சுவிட்சில் ஏறியிருந்தது. நடுவில் இருந்த வளையம் ஊருக்குள் எங்கோ இருந்தது.

அவள் அதை வெட்டி எடுத்துவிட்டுப் புது வயர் போட்டாள். விளக்கு பச்சையாக நின்றது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விட்டு வருவதற்குள் புது வயர் ஜன்னலைத் தாண்டியிருந்தது. அதையும் எடுத்துவிட்டு முழ நீளத்தில் ஒன்று போட்டு, சுவிட்சை சர்வரின் தலைமேலேயே தூக்கி வைத்தாள். அதுவும் வளர்ந்தது, முதல் வயர் போன வழியையே பிடித்துக்கொண்டு, அதைவிட வேகமாக. வயர் இல்லாமல் காற்றிலேயே இணைத்துவிட்டால் என்ன என்று ஆணையர் கேட்டார். சர்வருக்கு அப்படி இணைப்புக் கொடுக்கக்கூடாதென்று அவருடைய தலைமையகமே விதி போட்டிருக்கிறது என்று சந்தனமாரி சொன்னாள். அன்று சாயந்தரம் அவள் பஸ் ஏறவில்லை.

மறுநாள் கீழே கவுண்டரில் உட்கார்ந்து கோளாறு எந்த நேரத்தில் வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கவுண்டரில் எழுத்தர் ஆரோக்கியசாமி. சத்தம் போடாத மனுஷர், எவ்வளவு பெரிய வரிசைக்கும் ஒரே குரலில் பதில் சொல்கிறவர். வரிசையில் இருளாயி நின்றாள். கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போகிறவள், இடுப்பில் ஒரு கைப்பிள்ளை.

"பிள்ளைக்குச் சர்ட்டிபிகேட் வேணும்யா."

"எந்தத் தெரு?"

"கலுங்கடி."

ஆரோக்கியசாமி தட்டவில்லை. "அது சிஸ்டத்துல இல்லம்மா. போன தடவையே சொன்னேனே."

"இல்லன்னா போட்டுக்கங்க."

"நாங்க போட முடியாது. அதுல இருக்கற தெருவைத்தான் எடுக்க முடியும்."

"அதுல இருக்கறத யாரு போட்டது?"

"மேல."

இருளாயி மேலே மச்சைப் பார்த்தாள். "இந்த மாடியிலயா?"

"இல்லம்மா. மேலன்னா ரொம்ப மேல."

"நான் அந்தத் தெருவுலதான் பொறந்தேன். எங்கய்யா அங்கதான் செத்தாரு. இந்தப் பிள்ளைய அங்கதான் பெத்தேன். இம்புட்டுப் பேரு பொறந்து செத்த எடம் எப்படிய்யா இல்லாமப் போகும்?"

அவள் இதைச் சொன்னபோது திரை நின்றது. கவுண்டர் எல்லாவற்றிலும் நின்றது. வெளியே டீக்கடையில் நின்றவர்கள், வயர் ஒரு கை நீளத்துக்கு நழுவி முன்னால் போனதாகப் பிற்பாடு சொன்னார்கள். பிற்பாடு சொன்னது எல்லாவற்றையும் நம்பவேண்டியதில்லை.

சந்தனமாரி அன்று முழுக்க வயர் பின்னாலேயே நடந்தாள். அது எங்கே போகிறது என்று யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை, ஊரே அதோடு பழகியிருந்தது. ஜவுளிக்கடைக்காரர் அதை ஒரு கம்பில் தூக்கிக் கட்டியிருந்தார், லாரி வந்தால் அறுத்துவிடுமே என்று. பள்ளிவாசல் தெருவில் இரண்டு வீட்டுப் பெண்கள் அதில் துணி காயப்போட்டிருந்தார்கள், வலது பக்கத்து வயர் ஒருத்திக்கு, இடது பக்கத்து வயர் இன்னொருத்திக்கு என்று பாகப் பிரிவினை நடந்திருந்தது. பெருமாள் கோயில் தேர் வருகிற வழியில் வயர் குறுக்கே போனதால் கோயில்காரர்கள் கூடிப் பேசி, அன்றைக்கு நாலு ஆள் கொம்பு வைத்துத் தூக்கிப் பிடிப்பது என்று முடிவாகியிருந்தது. மினிபஸ் கண்டக்டர் ஒரு இடத்துக்கு வயர் ஸ்டாப் என்றே பெயர் வைத்து டிக்கெட் கொடுத்தார். வக்கீல் ஒருவர், வயர் தன் வீட்டுக்கு வந்து நடையை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டதென்று மட்டும் கோபமாக இருந்தார். ஏன் வளர்கிறது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள், மழை இல்லாத வருஷம் என்றார்கள், சீன வயர் என்றார்கள், கேட்டவளுக்காக யோசித்துச் சொன்னார்களே தவிர அவர்களுக்கு அந்தக் கேள்வி இருந்ததாகத் தெரியவில்லை.

வயர் சந்தையைத் தாண்டி, கோர்ட்டைத் தாண்டி, பெரிய கண்மாயின் கரை மேல் ஏறியது. கண்மாய் நிறைந்தால் தண்ணீர் வழிந்து வெளியேறுகிற கல் கட்டுதான் கலுங்கு. அதன் அடியில் ஒட்டி நாற்பது சொச்சம் வீடுகள் இருந்தன. அந்த வரிசைக்குத்தான் கலுங்கடி என்று பெயர். வயர் முதல் வீட்டு ஜன்னலில் நுழைந்து, அடுத்த பக்கத்து வாசலில் வெளியே வந்து, அடுத்த வீட்டில் நுழைந்து, இப்படி ஒரு வீட்டையும் விடாமல் தெருவைச் சுற்றிவிட்டுத் திரும்பியிருந்தது. அங்கே வந்த பிறகு அது வளரவில்லை. நின்றுவிட்டது.

கடைசி வீடு இருளாயியுடையது. அவள் சந்தனமாரியைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். உட்காரச் சொல்லிவிட்டுத் தண்ணீர் கொடுத்தாள்.

"அறுக்க வந்தீங்களா தாயி?"

"அறுத்தா திரும்ப வளருது."

"ஆமா. ரெண்டு தடவ வந்துருச்சு. ரெண்டு தடவையும் பிள்ளைக வாசலத் தொறந்து வச்சுருதுக, நொழைய லேசா இருக்கட்டும்னு."

கரையில் நடைபாதை போட்டு, விளக்கு வைத்து, கண்மாயில் படகு விடப்போகிறார்கள் என்று இருளாயி சொன்னாள். வீடுகளை எடுக்கச் சொல்லி மைக் வைத்து ஆட்டோவில் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். இல்லாத தெருவுக்கு நோட்டீஸ் ஒட்ட முடியாது என்பதால் மைக். ஊரைத் தாண்டி, வேலை கிடைக்காத தூரத்தில் இடம் தருவதாகச் சொன்னார்களாம். யாரும் போய்ப் பார்க்கவில்லையாம். சந்தனமாரி தலையை ஆட்டினாள். அவள் வந்தது வயருக்கு. அவள் கண் சுவரில் பிளக் பாயிண்டைத் தேடிக்கொண்டிருந்தது. எல்லா வீட்டிலும் மின்சாரம் இருந்தது, அது எப்படியோ பழைய நாளிலேயே வந்திருந்தது.

வயரைக் குறைக்க முடியாதென்றால் அதன் நீளத்தைத் தாங்குகிற மாதிரி செய்ய வேண்டும், அதற்கு அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கழித்துப்போட்ட பழைய சுவிட்ச் பெட்டிகள் அலுவலகத்தின் ஸ்டோர் அறையில் மூட்டையாகக் கிடந்தன. அடுத்த வாரம் மந்திரி திரையில் வந்து எல்லா நகராட்சிகளோடும் பேசப்போகிறார் என்றும் அன்றைக்கு லைன் போனால் தன் தலை போய்விடும் என்றும் ஆணையர் பரந்தாமன் பதறிக்கொண்டிருந்தார். சந்தனமாரி நீட்டிய காகிதத்தில் என்ன வேலை, எத்தனை பெட்டி என்று மட்டும் பார்த்தார், எங்கே என்று பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

வயர் ஊருக்குள் போகிற வழியிலேயே பெட்டிகளுக்கு இடம் கேட்டாள். ஜவுளிக்கடையில் ஒன்று, பள்ளிவாசல் தெருவில் ஒன்று, கோர்ட்டு வாசல் ஜெராக்ஸ் கடையில் ஒன்று. கலுங்கடியில் இரண்டு மூன்று வீட்டுக்கு ஒன்று. வயரை வெட்டி, இரண்டு முனையிலும் பிளாஸ்டிக் கொண்டை வைத்து, பெட்டியில் செருகினாள். வெட்டிய வயர் இந்த முறை வளரவில்லை. பெட்டி வந்த வீடுகளில் அதைச் சாமி மாடத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள், டி.வி. மேல் வைத்தார்கள், ஒரு வீட்டில் அரிசி டப்பா மேல் வைத்து எலி கடிக்காமல் இருக்கத் தகரம் அடித்தார்கள். அக்கம்பக்கத்தார் வந்து பச்சை விளக்கைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

கடைசிப் பெட்டியை இருளாயி வீட்டில் மாட்டிக்கொண்டிருக்கும்போது அவள் கேட்டாள்.

"இதப் பிடுங்குனா என்னா ஆகும் தாயி?"

"ஆபீஸ் நின்னுடும்."

"இந்த வீட்ல பிடுங்குனாவா?"

"எந்த வீட்ல பிடுங்குனாலும். எல்லாம் ஒரே சங்கிலிதான். ஒண்ணு போனா முழுசும் போயிடும்."

"அப்ப, வீடே போனா?"

சந்தனமாரி பதில் சொல்ல வாயைத் திறந்து, தான் சொல்லப்போவதைத் தானே கேட்டுவிட்டு நிறுத்தினாள். கொண்டை வைக்கிற இடுக்கி அவள் கையிலேயே இருந்தது. இருளாயி சிரித்துக்கொண்டு பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டாள்.

"மாட்டுங்க," என்றாள். "நல்லா இறுக்கமா மாட்டுங்க."

சந்தனமாரி மாட்டினாள். மதுரைக்கு ஃபோன் பண்ணி வேலை முடிந்தது என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. இன்னும் கொஞ்ச நாள் கண்காணிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டு லாட்ஜில் அறையை நீட்டித்துக்கொண்டாள்.

அப்புறம் அந்த அலுவலகத்தில் லைன் போனதே இல்லை. மந்திரி திரையில் வந்து போனார், தாழையூரின் படம் மட்டும் நடுங்காமல் இருந்தது என்று பாராட்டும் வந்தது. கவுண்டரில் வரிசை மளமளவென்று நகர்ந்தது. கலுங்கடியில் பெட்டி இருந்த ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ஆள் வேலைக்குப் போகுமுன் பச்சை விளக்கைப் பார்த்துவிட்டுப் போனார். மின்வெட்டு வருகிற நேரத்துக்குத் தெருவே சேர்ந்து ஒரு பேட்டரி வாங்கி வைத்தது. தங்கள் தெரு பேர் இல்லாத சிஸ்டத்தைத் தாங்கள் தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பற்றி அவர்கள் வெளியில் பேசிக்கொள்ளவில்லை, ஆனால் குழாயடியில் நிற்கும்போது அவர்களுடைய முதுகு கொஞ்சம் நிமிர்ந்திருந்ததை மற்ற தெருக்காரர்கள் கவனித்தார்கள்.

கார்த்திகையில், மழை விட்டிருந்த ஒரு காலையில், கரைமேல் ஜே.சி.பி. வந்தது. கூடவே போலீஸ் வேன் ஒன்றும். ஆணையர் வரவில்லை, அவர் அலுவலகத்தில் இருந்தார். கலுங்கடி ஆம்பளைகள் கொஞ்சப் பேர் வண்டிக்கு முன்னால் போய் நிற்கப் பார்த்தார்கள், இருளாயி அவர்களைக் கூப்பிட்டு மல்லுக்கு நிற்க வேண்டாம் என்று சொன்னாள். இன்ஸ்பெக்டரிடம் நேராகப் போய் நின்றாள்.

"எடுக்கத்தான் போறீகளா?"

"உத்தரவும்மா. சாமான வெளிய வைங்க."

"வைக்கிறோம். மொதல்ல எங்க சாமான் இல்லாதத எடுத்து வச்சுர்றோம். அது ஆபீசு சாமான். ஒடைஞ்சா எங்க மேல கேஸ் போடுவீக."

அவள் வீட்டுக்குள் போய்ப் பெட்டியின் வயரைப் பிடுங்கி, பெட்டியைத் துடைத்து, கொண்டுவந்து இன்ஸ்பெக்டர் கையில் கொடுத்தாள். பெட்டி இருந்த அடுத்த வீட்டுக்காரி கொண்டுவந்து கொடுத்தாள். அதற்கடுத்த வீட்டுக்காரர் தகரத்தோடு கொண்டுவந்து கொடுத்தார். இன்ஸ்பெக்டர் ஒன்றன்மேல் ஒன்றாக வாங்கிக்கொண்டு எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

அலுவலகத்தில் எல்லாத் திரையும் நின்றது. அன்று முகூர்த்தக் காலத்துக் கூட்டம், அந்த வருஷம் இங்கே மாற்றியிருந்த திருமணப் பதிவுக்கு வந்த ஜோடிகள், கடை உரிமம் புதுப்பிக்க வந்தவர்கள், வீட்டு வரைபடத்தோடு வந்தவர்கள், துக்க வீட்டுக்காரர்கள் என்று படிக்கட்டு வரைக்கும் நின்றார்கள். ஆணையர் சந்தனமாரியை அறைக்குக் கூப்பிட்டார்.

"லைன் என்ன ஆச்சு?"

"கலுங்கடியில எடுத்துட்டாங்க சார்."

"கலுங்கடியில எதுக்கு நம்ம லைன் போகுது?"

"நீங்க கையெழுத்துப் போட்டீங்க சார்."

அவர் கத்தவில்லை. "சரி. அதெல்லாம் அப்புறம். இங்கருந்து இங்க நேரா ஒரு வயர் போடுங்க."

"போட்டா வளர்ந்துடும்."

"வளர்றதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"மத்தியானம் வரைக்கும் தாங்கும்."

"அது போதும்," என்றார் பரந்தாமன். "மத்தியானத்துக்குள்ள அங்க வேலை முடிஞ்சுடும். அப்புறம் அந்த வயருக்குப் போறதுக்கு இடம் இருக்காது."

அது சரியான கணக்குதான். சந்தனமாரியின் தோள்பையில் முழ வயர் ஒன்று சுருட்டி இருந்தது, மாடிக்குப் போய் மாட்டிவிட்டு வரக் கொஞ்ச நேரம்தான் ஆகும். கோளாறை அப்படியே விட்டுவிட்டு அவள் எந்த இடத்திலிருந்தும் எழுந்து வந்ததில்லை. அவளுக்குக் கை பரபரத்தது. பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"என்கிட்ட வயர் இருக்கு சார். போட மாட்டேன்."

"உங்க கம்பெனிக்குச் சொல்ல வேண்டியிருக்கும்."

"சொல்லுங்க சார்."

அவர் ஆரோக்கியசாமியைக் கூப்பிட்டார். ஒரு முனையை இங்கே செருகி இன்னொரு முனையை அங்கே செருகுவது யாருக்கும் தெரிந்த வேலை, ஆரோக்கியசாமி தன் வீட்டில் அதைப் பலமுறை செய்தவர். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்கு அது பழக்கமில்லைங்க சார்," என்று எப்போதும் சொல்கிற அதே குரலில் சொன்னார்.

ஸ்டோர் அறையில் தேடி ஆணையரே ஒரு வயர் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். அவருக்கு எங்கே செருகுவதென்று கண்டுபிடிக்க நேரம் ஆயிற்று.

அதற்குள் கீழே, லைன் எங்கே அறுந்தது என்று யாரோ ஒருவர் கேட்டார், சந்தனமாரி படிக்கட்டில் நின்று வயர் வெளியே போகிற ஜன்னலைக் காட்டினாள். டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு நாலு பேர் வெளியே வந்து அண்ணாந்து பார்த்து வயர் போகிற வழியில் நடந்தார்கள், நாலு பேர் போவதைப் பார்த்து மற்றவர்கள் நடந்தார்கள். வயர் தன் கடை வழியாகப் போகிறதே என்று ஜவுளிக்கடைக்காரர் இறங்கி வந்தார், துணி காயப்போட்ட இரண்டு பெண்களும் வந்தார்கள், வயர் ஸ்டாப்பில் மினிபஸ் நின்று கூட்டம் போகட்டும் என்று காத்திருந்து அதில் இருந்தவர்களும் இறங்கி வந்தார்கள், பட்டுப்புடவையும் மாலையுமாகக் கல்யாண ஜோடிகள் வந்தார்கள், கோபித்துக்கொண்டிருந்த வக்கீல்கூடக் கோர்ட்டு வாசலில் கொஞ்சம் தயங்கிவிட்டு அங்கியோடு சேர்ந்துகொண்டார். சந்தை வழியே, கோர்ட்டு வழியே, கரை மேல் ஏறி, லைன் எங்கே போயிற்று என்று பார்க்க வந்தவர்கள் அது போன இடத்தைப் பார்த்தார்கள். வீடுகளைப் பார்த்தார்கள், வீடுகளுக்கு முன்னால் வண்டியைப் பார்த்தார்கள், கை நிறையப் பெட்டியோடு நிற்கிற இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்கள்.

"என் கல்யாணப் பதிவு இதுலயா நின்னுபோச்சு?" என்று ஒரு மாப்பிள்ளைப் பையன் கேட்டான்.

"இம்புட்டு நாளா ஓடுனதும் இதுலதான் தம்பி," என்றாள் இருளாயி.

அவன் மனைவியாகப் போகிறவளைப் பார்த்தான். அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இருளாயி வீட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். அதன் பிறகு யாரும் யாரையும் கேட்கவில்லை. ஒவ்வொரு வாசலாக நிறைந்தது, வாசல் போதாமல் கரையில் உட்கார்ந்தார்கள், மழை ஈரத்தில் துண்டை விரித்து உட்கார்ந்தார்கள்.

மாடியில் ஆணையர் வயரைச் சரியாகச் செருகிவிட்டார். விளக்கு பச்சையாக எரிந்தது, எல்லாத் திரையும் வந்தது. அவர் நிம்மதியாகக் கீழே இறங்கி வந்தபோது ஆரோக்கியசாமி கவுண்டரில் உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு ஆள் இல்லை. டோக்கன் இயந்திரம் அடுத்த எண்ணைக் கூப்பிட்டது, யாரும் வரவில்லை. அதற்கடுத்ததைக் கூப்பிட்டது.

"எங்க எல்லாரும்?"

"லைன் பார்க்கப் போயிருக்காங்க சார்."

கரையில் ஜே.சி.பி. டிரைவர் கூட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்ஜினை நிறுத்திக் கீழே இறங்கினார். குடிக்கத் தண்ணீர் கேட்டார், கொண்டுவந்து கொடுத்தார்கள். மத்தியானம் தாண்டிய பிறகு வண்டி திரும்பிப் போனது. அதன் பின்னும் இரண்டு முறை வந்தது, இரண்டு முறையும் ஊர் நடந்து வந்து உட்கார்ந்தது, மூன்றாவது முறை வராமலே நின்றுவிட்டது. நடைபாதையைக் கண்மாயின் எதிர்க்கரையில் போடுவதாகப் பேச்சு வந்தது. பரந்தாமனை வேறு ஊருக்கு மாற்றினார்கள். போகும்போது அவர் சந்தனமாரிக்குக் கை கொடுக்கவில்லை, ஆனால் நின்று, "படம் நடுங்காம இருந்ததுங்க அன்னைக்கு" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். கம்பெனி அவளை வேலையை விட்டு நிறுத்தியிருந்தது. அவள் சாத்தூருக்குப் போய்த் துணிமணிகளை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு கடை போட்டாள். கம்ப்யூட்டர், பிரிண்டர் ரிப்பேர். முதல் மாதம் ஈ ஓட்டினாள், அப்புறம் வேலை வந்தது.

வயர் ஊருக்குள் இப்போதும் அப்படியே போகிறது. பெட்டிகளைத் திரும்ப மாட்டியாகிவிட்டது. தேர் வரும்போது நாலு பேர் கொம்பால் தூக்குகிறார்கள்.

தை பிறந்து புது ஆணையர் வந்த பிறகு கலுங்கடியின் பெயர் சிஸ்டத்தில் வந்துவிட்டதாக ஆரோக்கியசாமி ஆள் அனுப்பினார். இருளாயி வேலைக்குப் போகாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். தெருவில் பாதிப் பேர் அவளோடு போனார்கள், அவரவருக்கும் ஏதோ ஒரு காகிதம் வேண்டியிருந்தது. வரிசையில் அவள்தான் முதல் ஆள். ஆரோக்கியசாமி தட்டினார், பிரிண்டர் ஓடியது, முத்திரை குத்திக் காகிதத்தை இரண்டு கையாலும் நீட்டினார். அவர் முகத்தில் சந்தோஷம் இருந்தது.

இருளாயி காகிதத்தை வாங்கி, ஓரமாக நகராமல், அங்கேயே நின்று எழுத்துக் கூட்டிப் படித்தாள். பிள்ளையின் பெயர் முத்துப்பேச்சி, சரியாக இருந்தது. அவள் பெயர் சரியாக இருந்தது, புருஷன் பெயர் சரியாக இருந்தது. முகவரிக்கு வந்தாள். அவள் விரல் ஒரு இடத்தில் நின்றது.

"இது என்ன சொல்லுய்யா?"

ஆரோக்கியசாமி எட்டிப் பார்த்தார். "கலுங்கடித் தெரு."

"அதுக்குப் பின்னால."

"ஆக்கிரமிப்புப் பகுதி," என்றார்.

"அப்படின்னா?"

அவளுக்கு அர்த்தம் தெரியும் என்று அவருக்குத் தெரியும். "அப்படித்தான் வந்திருக்கும்மா. பேரு வந்துருச்சில்ல. சர்ட்டிபிகேட்டு செல்லும்."

இருளாயி காகிதத்தைக் கவுண்டர் பலகையில் வைத்து அவர் பக்கமாகத் தள்ளினாள்.

"அந்தச் சொல்ல எடுங்க."

"அதுக்கு மறுபடி எழுதிக் கேக்கணும். நாள் ஆகும்."

"கேளுங்க. நான் நிக்கிறேன்."

"பின்னாடி ஆள் நிக்கிறாங்கம்மா."

இருளாயி திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் கலுங்கடிக்காரர்கள் நின்றார்கள், அவர்களுக்குப் பின்னால் வேறு வேறு தெருக்காரர்கள் நின்றார்கள், படிக்கட்டு வரைக்கும். யாரும் முன்னால் எட்டிப் பார்க்கவில்லை, யாரும் முனகவில்லை. கொஞ்சம் தள்ளி நின்ற ஒருவர் கையிலிருந்த டோக்கனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். அவரைப் பார்த்து அடுத்தவரும் உட்கார்ந்தார்.

ஆரோக்கியசாமி கொஞ்ச நேரம் அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கதவைப் பார்த்தார், புது ஆணையரின் அறைக் கதவு சாத்தியிருந்தது. எழுந்து போய் அதைத் தட்டினார்.

இருளாயி பிள்ளையை இடது இடுப்பிலிருந்து வலது இடுப்புக்கு மாற்றிக்கொண்டு அங்கேயே நின்றாள்.